அப்டேட்டுக்குப் பின் மக்கர் செய்யும் போன்: காத்திருப்பதா, அழிப்பதா, பழைய பதிப்புக்குப் போவதா?

புதிய ஆண்ட்ராய்டோ ஐஓஎஸ்ஸோ ஏறிய மறுநாளே போன் கொதிக்கிறது, சார்ஜ் கரைகிறது, செயலிகள் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கின்றன. யாரிடம் கேட்டாலும் வரும் முதல் பதில் "ஃபேக்டரி ரீசெட் போடு" என்பதுதான். இருக்கிற வழிகளை வரிசைப்படுத்தச் சொன்னால் அதைக் கடைசிக்குப் பக்கத்தில்தான் வைப்பேன். ரீசெட் போட்டால் போன் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். திரும்பாது. அது துடைப்பது நம் தரவு இருக்கும் பகுதியை மட்டும்தான். புதிய இயங்குதளம் அசையாமல் அங்கேயே இருக்கும். கோளாறு அந்தப் பதிப்பிலேயே இருந்தால் படங்களும் உரையாடல்களும் போன பிறகும் சூடும் நிற்காது, சார்ஜும் நிற்காது.

கோளாறு மூன்று இடங்களில் ஒளிந்திருக்கலாம்: நாம் நிறுவிய செயலியில், பழைய பதிப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அமைப்புகளில், அல்லது புதிய பதிப்பிலேயே. பெரும்பாலான வைத்தியங்கள் இவற்றில் ஒன்றைத்தான் தொடும். அதனால்தான் ஒருவருக்குப் பலித்த வழி இன்னொருவருக்குப் பலிப்பதில்லை.

முதலில், எதுவும் செய்யாமல் காத்திருப்பது. இதைச் சோம்பேறி வழி என்று தள்ளிவிடாதீர்கள். பெரிய அப்டேட்டுக்குப் பின் ஆண்ட்ராய்டு எல்லாச் செயலிகளையும் புதிய பதிப்புக்கு ஏற்றபடி பின்னணியில் மறுபடி தயார் செய்கிறது. ஐபோன் தேடலுக்கான அட்டவணையைப் புதிதாகக் கட்டுகிறது, புகைப்படங்களை மறுபடி அலசுகிறது. சூடும் சார்ஜ் குறைவும் மட்டும்தான் தொல்லை என்றால், இரவில் வைஃபையோடு சார்ஜரில் போட்டு ஓரிரு நாள் விட்டுப் பார்ப்பதே மேல். சிக்னலே போய்விட்டது, செயலி திறக்கவே இல்லை என்றால் இந்தக் காத்திருப்பில் பயனில்லை.

நிறுவனம் திருத்தம் வெளியிடும்வரை காத்திருப்பது வேறு கதை. 2014 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 8.0.1, ஐபோன் 6, 6 பிளஸ் போன்களில் சிக்னலையும் கைரேகையால் திறக்கும் டச் ஐடியையும் முடக்கியது. ஆப்பிள் அதை உடனே திரும்பப் பெற்று மறுநாளே 8.0.2-ஐ வெளியிட்டது. 2023-இல் ஐபோன் 15 ப்ரோ அளவுக்கு மீறிச் சூடானபோது, ஐஓஎஸ் 17-இல் இருந்த பிழையும் ஒரு காரணம் என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு, 17.0.3-இல் திருத்தியது. இந்த இரண்டு சமயங்களிலும் போனுக்குள்ளிருந்தே எல்லாவற்றையும் அழித்திருந்தாலும் பதிப்பில் இருந்த பிழை போயிருக்காது. அதே 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 ஏறிய, கூகுளின் சில பிக்சல் போன்களில், ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்கு வைத்திருந்தவர்களுக்குச் சேமிப்பகமே பூட்டிக்கொண்டது. ஓயாமல் ரீஸ்டார்ட் ஆகும் சுழலில் சிக்காத போன்களுக்குப் பின்னால் வந்த திருத்தம் கோப்புகளைத் திரும்பக் கொடுத்தது. பொறுமையிழந்து அதற்குள் ரீசெட் போட்டிருந்தால், திருத்தம் வந்தும் மீட்க எதுவும் மிஞ்சியிருக்காது. அவசர ரீசெட்டை நான் எதிர்ப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டாம்.

செயலிமேல் சந்தேகம் இருந்தால் ஆண்ட்ராய்டில் சேஃப் மோடுக்கு நிகரான சோதனை கிடையாது. பல போன்களில் பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதை அழுத்திப் பிடித்தால் அதற்கான கேள்வி வரும். அந்த நிலையில் நாம் நிறுவிய செயலி எதுவும் ஓடாது. போன் அங்கே சாதுவாக இருந்தால் குற்றவாளி ஏதோ ஒரு செயலிதான். முகப்புத் திரையை மாற்றும் லாஞ்சர், விபிஎன், பேட்டரியை மிச்சப்படுத்துவதாகச் சொல்லும் 'கிளீனர்' வகையறா ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். உள்ளே போகுமுன் முகப்புத் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வது நல்லது; வெளியே வரும்போது சில விட்ஜெட்டுகள் காணாமல் போகலாம். ஐபோனில் இந்த வசதி இல்லை. பேட்டரி பக்கத்தில் எந்தச் செயலி அதிகம் உறிஞ்சுகிறது என்று பார்த்து, அதை அப்டேட் செய்வதோ நீக்கி மறுபடி நிறுவுவதோதான் அங்கே வழி.

அடுத்து, இயங்குதளம் தற்காலிகக் கோப்புகளைப் போட்டுவைக்கும் கேஷ் பகுதியைத் துடைப்பதா, அமைப்புகளை மட்டும் ரீசெட் செய்வதா? இரண்டுமே படங்களையும் கோப்புகளையும் தொடாது. கேஷ் துடைப்பு சாம்சங் போன்றவற்றின் ரெக்கவரி மெனுவில், அதாவது இயங்குதளம் ஏறாமலே திறக்கும் பழுதுபார்ப்புப் பட்டியலில் இருக்கும். சில நிமிட வேலை. ஆனால் அது எல்லாப் போனிலும் கிடையாது. 2016-இல் ஆண்ட்ராய்டு 7.0-உடன் இயங்குதளத்தை இரண்டு இடங்களில் வைக்கும் முறை வந்தது. ஒன்று எழாவிட்டால் போன் மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளும். பிக்சல்கள் அந்த வகை. அவற்றில் தனிக் கேஷ் பகுதியே இல்லை. வழிகாட்டிகளில் படித்த வரி உங்கள் மெனுவில் காணவில்லை என்றால் வேறு எதையும் அமுக்காமல் வெளியேறுங்கள். அதே பட்டியலில்தான் எல்லாவற்றையும் அழிக்கும் வரியும் இருக்கிறது, அங்கே விரல் தவறினால் மீட்பு இல்லை.

வைஃபை, புளூடூத், மொபைல் டேட்டா தகராறுகளுக்கு கேஷ் துடைப்பைவிட நெட்வொர்க் அமைப்புகளை ரீசெட் செய்வதே பலன் தரும். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள், புளூடூத் இணைப்புகள் போன்றவை போகும், அவ்வளவுதான். ஐபோனில் எல்லா அமைப்புகளையும் ரீசெட் செய்தால் ஆப்பிள் பேயில் சேர்த்த அட்டைகளும் போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஐபோன்காரர்கள் கவனிக்காமல் விடும் அருமையான வழி ஒன்று உண்டு. ரெக்கவரி மோடில் வைத்துக் கணினியோடு இணைத்தால் 'அப்டேட்', 'ரீஸ்டோர்' என்று இரண்டு தேர்வுகள் வரும். அப்டேட் இயங்குதளத்தை மட்டும் புதிதாகப் பதிக்க முயலும், தரவில் கை வைக்காது. ரீஸ்டோர் எல்லாவற்றையும் அழித்துவிடும். லோகோவிலேயே நின்றுபோன போனுக்கு முதலில் அப்டேட்தான். பதிவிறக்கம் 15 நிமிடத்தைத் தாண்டினால் போன் அந்த நிலையிலிருந்து வெளியே வந்துவிடும். பயப்படாமல், பதிவிறக்கம் முடிந்ததும் மறுபடி உள்ளே போகலாம்.

இனிதான் பெரிய போட்டி: ஃபேக்டரி ரீசெட்டா, பழைய பதிப்பா?

பழைய பதிப்புக்குப் போவது கேட்க நியாயமாக இருக்கும், செய்வது கடினம். ஆப்பிள் ஒப்புதல் தந்துகொண்டிருக்கும் ஐஓஎஸ் பதிப்புகளை மட்டுமே பதிக்க முடியும். புதியது வந்து சில காலத்தில் பழையதற்கு அந்த ஒப்புதல் நின்றுவிடும். பிறகு கதவு சாத்தியதுதான். புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழையதில் இறக்கவும் முடியாது. ஆண்ட்ராய்டில், எந்த இயங்குதளம் ஏறலாம் என்று காவல் காக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறந்தாலே தரவு முழுவதும் அழியும். சாம்சங்கில் அதிகாரபூர்வமற்ற மென்பொருளைப் பதித்தால் நாக்ஸ் என்னும் அதன் பாதுகாப்பு அமைப்பு நிரந்தரமாக முறிந்து, கோப்புகளைப் பூட்டிவைக்கும் செக்யூர் ஃபோல்டர் போன்றவை நின்றுவிடும். பிக்சல் 6 வரிசையில் 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 ஏற்றியவர்கள் 12-க்குத் திரும்பவே முடியாதபடி பூட்டு போடப்பட்டது. ஆக, தரவு இழப்பு இரண்டு வழியிலும் உண்டு. பழைய பதிப்புக்குப் போவதில் போனே எழாமல் போகும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது, பாதுகாப்புத் திருத்தங்களும் கைவிட்டுப் போகின்றன. கதவு திறந்திருக்கும் சில நாட்களுக்குள், அழைப்பு போன்ற அடிப்படையே முடங்கியிருந்தால் மட்டும் அதை யோசிப்பேன்.

ஃபேக்டரி ரீசெட் எப்போது வெல்லும்? அதே மாடல், அதே பதிப்பு வைத்திருக்கும் மற்றவர்களிடம் விசாரியுங்கள். அவர்களுக்கெல்லாம் ஒழுங்காக ஓடி, உங்களுக்கு மட்டும் சேஃப் மோடிலும் தகராறு என்றால் மிச்ச அமைப்புகள்மேல்தான் சந்தேகம் விழும், ரீசெட் பலிக்கும். எல்லோருக்கும் அதே தொல்லை என்றால் தரவை அழிக்காமல் திருத்தத்துக்குக் காத்திருங்கள். ரீசெட் போட முடிவெடுத்தால் வாட்ஸ்அப் பேக்கப்பை மேகக் கணக்கில் ஏற்றுங்கள், இரட்டைச் சரிபார்ப்புக் குறியீடு தரும் செயலியை வேறு போனுக்கு மாற்றுங்கள், கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1 வந்ததிலிருந்து, ரெக்கவரி வழியாக அழித்த போன் பழைய கணக்கைக் கேட்காமல் திறக்காது. அழித்த கையோடு பேக்கப்பை முழுதாக இறக்காதீர்கள். ஒரு நாள் வெறும் போனாக ஓட்டிப் பாருங்கள். விரட்டிய அமைப்பு பேக்கப்போடு திரும்பி வருவதுண்டு.

திரையில் கோடு விழுந்தால் மேற்சொன்ன எதையும் தொட வேண்டாம். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனில் பாருங்கள். அதில் கோடு இல்லையென்றால் பழுது திரைப் பக்கத்தில் இருக்கிறது. திரை இன்னும் தெரியும்போதே பேக்கப் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.