அப்பாவின் கையோடு வந்துவிட்ட மூன்றாவது நட்சத்திரம்

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. கோபம் ஆறிய பிறகு எழுதினால் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். கால்பந்துச் சட்டை வாங்க நினைப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம் என்றும் சொல்கிறேன்.

நான் தேடியது அர்ஜென்டினாவின் மூன்று நட்சத்திரச் சட்டை. 1978, 1986, 2022 என்று வென்ற உலகக் கோப்பை ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரம். அப்பா 1986இல் மரடோனாவின் ஆட்டத்தைப் பார்த்தவர். அடுத்த கோப்பைக்காக 36 ஆண்டுகள் காத்திருந்தவர். 2022 டிசம்பர் 18 அன்று அப்பா, தம்பி, நான் மூவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தோம். அதனால் மூன்று சட்டைகள், மூன்றும் அசல். அடிடாஸ் கடையில் அது எப்போதோ தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த சட்டைகள் இருந்தன, அப்பா கேட்டது அவற்றை அல்ல.

சமூக ஊடகத்தில் விளையாட்டுச் சட்டைகள் மட்டும் விற்கும் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. பெயர் சொல்லிப் பயனில்லை, நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். படங்களைப் பார்த்து நான் நம்பவில்லை. அந்த ஆள் ஆட்டத்தைப் பற்றிப் பேசியதை நம்பினேன். கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் பிரான்ஸின் கோலோ முவானி அடித்த பந்தை நம் கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் காலை நீட்டித் தடுத்தபோது மூச்சே நின்றுவிட்டது என்று எழுதினான். அர்ஜென்டினாவின் மோன்டியல் வெற்றியைத் தந்த கடைசி பெனால்டியைப் போட்டதும் அழுதுவிட்டேன் என்றான். நானும் அழுதவன். "நம்மைப் போன்ற ரசிகரை ஏமாற்றுவேனா அண்ணா?" என்று கேட்டான். அந்த ஒரு வரியில் விழுந்தேன். தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் போகிறது, நேரடியாக அனுப்புங்கள் என்றான். அரை மாதச் சம்பளத்தை ஒரே தவணையில் அனுப்பினேன்.

வீரர்கள் அணியும் வகை என்று சொல்லித்தான் அந்த விலை. அந்த வகையில் எடையைக் குறைக்கப் பொதுவாகச் சின்னத்தை வெப்பத்தால் ஒட்டியிருப்பார்கள். வந்ததோ முரட்டு நூலால் தைத்த சின்னம். அதன் மேல் இரண்டு நட்சத்திரங்கள் தையலில், மூன்றாவது பசையில். உள்ளே இருந்த லேபிளின் குறியீட்டை இணையத்தில் தேடினால் பெண்களுக்கான ஓட்டக் காற்சட்டை வருகிறது. அப்பா சட்டையை மடியில் விரித்து விரலால் தடவினார். மூன்றாவது நட்சத்திரம் கையோடு வந்துவிட்டது. "பரவாயில்லைப்பா" என்றார். என்னால்தான் தாங்க முடியவில்லை.

கேட்டதற்கு முதல் பதில், "இது வேறு தொகுதியில் தயாரானது அண்ணா." இரண்டாவது, "ஒரு முறை துவைத்தால் படிந்துவிடும்." மூன்றாவது, திருப்பி அனுப்பச் சொல்லி வெளிநாட்டு முகவரி ஒன்று, செலவு என்னுடையதாம். அதன் பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டான். பணம் எங்கள் வழியாக வரவில்லை, உதவ இயலாது என்று தளம் இரண்டு வரியில் முடித்துக்கொண்டது. நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம் என்கிறது வங்கி. யாருக்குமே அந்த அரை மாதச் சம்பளம் பெரிதாகத் தெரியவில்லை.

போலி என்று தெரிந்தே வாங்குபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சொந்த மைதானத்துக்கு ஒன்று, வெளி மைதானத்துக்கு ஒன்று, அதற்கு மேல் மூன்றாவது ஒன்று என்று கிளப்புகள் பருவந்தோறும் புதிய சட்டைகளை இறக்குகின்றன. எந்தச் சம்பளக்காரரால் ஈடுகொடுக்க முடியும்? 1986இல் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா போட்டிருந்த நீலச் சட்டையே மெக்சிகோ நகரக் கடையில் அவசரமாக வாங்கி, சின்னம் தைத்து, எண்ணை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டியதுதான். அப்பா அடிக்கடி சொல்லும் கதை இது. போலியைப் போலி என்று சொல்லி, அந்த விலைக்கு விற்றிருந்தால் நானும் வாங்கியிருப்பேன். அசல் என்று சத்தியம் செய்து அசலின் விலையையும் வாங்கிக்கொண்டதற்குப் பெயர் திருட்டு.

வழி சொல்வதாகச் சொன்னேன், விரிவாக எழுத இப்போது மனம் இல்லை. தளத்துக்கு வெளியே ஒரு காசும் அனுப்பாதீர்கள். பணம் கட்டும் முன்பே லேபிள் குறியீட்டைக் கேட்டுத் தேடிப் பாருங்கள். ஆட்டத்தைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறான் என்பதற்காக நம்பாதீர்கள்.

இன்று காலை தம்பியின் கணக்கிலிருந்து பார்த்தேன். அதே படங்களோடு புதிய விளம்பரம். கீழே ஒருவர் அளவு விசாரித்திருக்கிறார். அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை.