அமெரிக்கக் கோடை முகாம் வேலை: புதுக்குடியிருப்பிலிருந்து மேய்ன் வரை போய் வந்த பிறகு

2024 ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ஒன்பது கிழமை, அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஏரிக்கரையோரம் உள்ள ஒரு சிறுமிகள் முகாமில் கவுன்சலராக, அதாவது பிள்ளைகளோடு தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்கிறவளாக, வேலை செய்தேன். கொழும்பில் உள்ள ஒரு முகவர் நிலையம் வழியாகப் போனேன். ஊருக்கு வந்ததிலிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேராவது கேட்டுவிட்டார்கள், "அக்கா, போகலாமா?" என்று. ஒவ்வொருவருக்கும் ஃபோனில் சொல்லி வந்ததை இங்கே ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் முகாமுக்கு நாலரை, முகவர் நிலையத்துக்கு ஒன்று.

அந்த ஒன்று ஏன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது பிள்ளைகளின் உயிரோடு சம்பந்தப்பட்டது.

முகாமுக்குப் போய் இரண்டாம் நாள். பயிற்சிக் கிழமை, பிள்ளைகள் இன்னும் வரவில்லை. கவுன்சலர்கள் எல்லோரும் ஏரியில் நீந்திக் காட்ட வேண்டும். நான் கரையில் நின்றேன். கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்தவள் நான். குளத்தில் இடுப்பளவுக்கு மேல் இறங்கியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு அம்மா கடல் பக்கமே விட்டதில்லை. நீச்சலுக்குப் பொறுப்பான அம்மையார் என்னுடைய விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். 'நீந்தத் தெரியுமா?' என்ற இடத்தில் 'நன்றாகத் தெரியும்' என்று இருந்தது. நான் போடவில்லை. கொழும்பில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, "எனக்கு நீச்சல் தெரியாதே, என்ன போடுறது?" என்று கேட்டபோது, "அதை நாங்கள் பாக்கிறம்" என்றார் அங்கிருந்தவர். அவர்கள் பார்த்தது இதுதான்.

ஒன்பது வயதுப் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போகிறவள் நீந்துவாள் என்று நம்பித்தான் அந்த முகாம் என்னை எடுத்தது. நான் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். அந்த அம்மையார் கோபப்படவில்லை. என்னைத் தண்ணீருக்குள் விடாமல் கரையில் எண்ணும் வேலையைத் தந்தார். விருப்பமென்றால் காலை ஆறு மணிக்கு வா, பழக்குகிறேன் என்றார். போனேன். ஜூன் மாதத் தண்ணீர் அங்கே எலும்பில் இறங்கும் குளிர். ஓகஸ்ட்டில் கரையோரமாக ஐம்பது மீற்றர் நீந்தினேன்.

எண்ணும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே நாங்கள் பிள்ளைகளைக் குளத்துக்கு விடும்போது இப்படி ஒரு முறை இருந்தால் எவ்வளவு நல்லது என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகத்தான் இறங்கலாம். ஒவ்வொருவருக்கும் இலக்கம் எழுதிய சின்ன வட்டத் தகடு. சோடியின் இரண்டு தகட்டையும் பலகையில் ஒரே கொளுக்கியில் மாட்டிவிட்டுத் தண்ணீருக்குப் போவார்கள், ஏறும்போது எடுத்துவிடுவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு விசில். விசில் கேட்டதும் சோடிகள் கையைக் கோத்துத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். நான் தலையை எண்ணிப் பலகையோடு சரி பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுத்த விசில்.

ஒரு நாள் பலகையில் முப்பத்தெட்டுத் தகடு, தண்ணீரில் முப்பத்தேழு தலை. ஒரு பிள்ளை மட்டும் வெறுங்கையைத் தூக்கியபடி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கத்திய கத்தலில் எல்லோரும் கரையேற, நீச்சல் காவலர்கள் ஏழு பேரும் கைகோத்து வரிசையாக அடித்தரையைக் காலால் தடவ இறங்கினார்கள். ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பிள்ளை கழிப்பறையிலிருந்து துவாயைப் போர்த்துக்கொண்டு வந்தாள். தகட்டை எடுக்க மறந்து போயிருக்கிறாள். யாரும் அவளை ஏசவில்லை. எனக்குத்தான் முழங்கால் நடுக்கம் அடங்கப் பின்னேரமாகிவிட்டது.

சரி, காசு. எல்லோரும் கேட்பது இதைத்தான். முகவர் நிலையத்துக்கு 165,000 ரூபாய். விசாக் கட்டணம் 185 டொலர், அதற்கு மேல் செவிஸ் என்ற பதிவுக்கு 35 டொலர், இரண்டும் அப்போதைய மதிப்பில் 66,000. விமான ரிக்கற் போய் வர 385,000. பொலிஸ் சான்றிதழ், சப்பாத்து, மழைக்கோட்டு, கொழும்புக்கு மூன்று தடவை இரவு பஸ் என்று ஒரு 40,000. மொத்தம் 656,000. ஒப்பந்தத்தில் எனக்கு 2,000 டொலர், வரி கழித்துக் கையில் வந்தது 1,800, அதாவது 540,000. ஆக 116,000 கைநட்டம். சாப்பாடும் தங்குமிடமும் முகாம் தந்தது. அம்மாவின் சங்கிலியை அடைவு வைத்துத்தான் போனேன், அதை மீட்க இங்கே வந்து ஐந்து மாதம் ரியூஷன் கொடுத்தேன். உழைத்துக் கடன் அடைக்கலாம் என்று நினைத்து யாராவது போவதாக இருந்தால், தயவுசெய்து போக வேண்டாம். "ரெண்டே மாசத்தில அஞ்சு லட்சம் உழைக்கலாம்" என்று கொழும்பில் சொன்னார்கள். உழைக்கிற அஞ்சு லட்சத்தைத்தான் சொன்னார்கள், அதற்கு முதல் போகிற ஆறரை லட்சத்தைச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் அவர்கள் விளங்கப்படுத்தவில்லை. இது ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசா, அதில் முகாம் கவுன்சலர் என்று தனிப் பிரிவு. 18 வயது முடிந்திருக்க வேண்டும், கூடியது நாலு மாதம்தான் வேலை. இந்தப் பிரிவில் போனவரைச் சமையலுக்கோ பாத்திரம் கழுவவோ துப்புரவு வேலைக்கோ போடக்கூடாது என்பது அமெரிக்க அரசின் விதி. அமெரிக்கக் கவுன்சலருக்கு என்ன சம்பளமோ அதற்குச் சமமாகத் தர வேண்டும் என்பதும் விதி. காப்புறுதி கட்டாயம், ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 100,000 டொலருக்கு. குசினி வேலைக்கு எடுப்பது வேறு பிரிவு, அதற்குப் பல்கலைக்கழக மாணவராக இருக்க வேண்டும். என்னோடு நேர்முகத்துக்கு வந்த வவுனியாத் தம்பி ஒருவருக்கு இரண்டுக்கும் வித்தியாசமே சொல்லாமல் கையெழுத்துக்கு நீட்டினார்கள். விசாவுக்குக் காட்ட வேண்டிய டி.எஸ்.-2019 என்ற தகுதித் தாள் கையில் வந்ததும் எந்தப் பிரிவு என்று போட்டிருக்கிறது என்பதை முதலில் வாசியுங்கள்.

வீட்டில் சம்மதம் வாங்கியதுதான் எல்லாவற்றையும் விடக் கடினம். 'காம்ப்' என்றதும் அம்மா புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டார். "காம்பில இருந்தது காணாதே பிள்ளை?" 2009 இல் எனக்கு எட்டு வயது. முள்ளிவாய்க்காலால் வந்து செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தோம். அம்மாவுக்கு அந்தச் சொல்லுக்கு முள்ளுக்கம்பியையும் தண்ணீர் பவுசர் வரிசையையும் தவிர வேறு அர்த்தம் கிடையாது. இது பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளைக் காட்டோரம் கூட்டிப்போய் விளையாட விடுகிற இடம், 1861 இல் கனெற்றிகட் மாநிலத்தில் ஒரு தலைமையாசிரியர் தன் மாணவர்களைக் கூட்டிப்போனதிலிருந்து தொடங்கிய பழக்கம் என்று சொல்லிச் சொல்லி, இரண்டு நாளுக்குப் பிறகுதான் சங்கிலியைக் கழற்றித் தந்தார்.

என்னுடைய மரக்கொட்டிலில் பத்துப் பிள்ளைகள், எல்லோருக்கும் ஒன்பது வயது. என்னோடு இன்னொரு கவுன்சலர். யன்னலில் கண்ணாடி இல்லை, நுளம்பு வலை மட்டும். காலை ஏழு மணிக்கு மணி அடித்தால் இரவு ஒன்பது வரை ஓட்டம்தான். கைப்பந்து பழக்குவது என் பாடம். மூடிய அறைக்குள் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது, பிள்ளைகளின் படத்தை எங்கேயும் போடக்கூடாது, ஒவ்வொரு பின்னேரமும் கால், கழுத்து, காதுப் பின்புறம் எல்லாம் உண்ணி பார்க்க வேண்டும். அந்த உண்ணி கடித்தால் லைம் என்ற நோய் வரும். கிழமையில் ஒரு நாள் லீவு. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். நான் வேலை முடித்து ஃபோனை எடுக்கும்போது இங்கே விடிந்து ஆறரை, அம்மா முற்றம் கூட்டுகிற நேரம். அது நல்ல பொருத்தமாக அமைந்தது.

பிள்ளைகளிடம் ஃபோன் கிடையாது. வீட்டுக்குக் கடிதம்தான் எழுதலாம். முதல் கிழமை வீட்டு நினைப்பில் அழுகிறவர்களை எப்படிப் பார்ப்பது என்றுதான் பயிற்சியில் அதிகம் சொன்னார்கள். "நாளைக்கு அம்மாவோடு கதைக்க விடுகிறேன்" என்று பொய் வாக்குக் கொடுக்காதே, பக்கத்தில் இரு, கைக்கு ஒரு வேலை கொடு. மூன்றாம் இரவு ஒரு பிள்ளை தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சத்தம் வராமல் அழுதாள். என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏரிக்கரையில் பொறுக்கி வைத்திருந்த ஐந்து கல்லை எடுத்து, ரோச் வெளிச்சத்தில் பலகைத் தரையில் கொக்கான் வெட்டிக் காட்டினேன். ஒன்றைப் போட்டு ஒன்றை அள்ளி, பிறகு இரண்டு இரண்டாக. முதலில் ஒரு கண் மட்டும் தலையணைக்கு மேலே வந்தது. அப்புறம் கை வந்தது. ஜூலை முடிவில் மழை நாட்களில் எங்கள் கொட்டில் முழுக்கக் கொக்கான் சத்தம், பக்கத்துக் கொட்டில்களிலிருந்தும் பழக வந்தார்கள்.

மெனிக் பாமில் எங்கள் கூடாரத்துக்கு இரண்டு கூடாரம் தள்ளி ஒரு அக்கா இருந்தா. ஏ.எல். எடுக்க வேண்டிய வயது. பாதைக்குக் கொட்டிய கல்லில் உருண்டையாகப் பார்த்துப் பொறுக்கி, பின்னேரங்களில் எங்களைச் சுற்றி இருத்திக் கொக்கான் பழக்கினவ அவதான். அவவுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, சம்பளம் கொடுக்கவில்லை. அவவின் வீட்டில் யார் யார் இல்லை என்று எங்களுக்கு அப்போது தெரியாது. அந்த இரவு கல்லை அள்ளும்போது அவவின் கைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன், சோறு கிழமையில் ஒரு தடவைதான். சைவக்காரர் கவனிக்க வேண்டியது, நெருப்பில் வாட்டித் தருகிற மாஷ்மெலோ என்ற இனிப்பில் ஜெலற்றின் இருக்கும், அது மிருகத்தின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது.

இன்னொன்று. போகும்போதும் வந்த பிறகும் ஊரில் பாதிப் பேர் கேட்டது, "ஏன் திரும்பி வந்தனீ?" வேலை முடிந்து முப்பது நாள் வரை அங்கே சுற்றிப் பார்க்கலாம். அதற்கு மேல் நின்றால் உங்களுக்கு மட்டுமில்லை, அடுத்த வருடம் கொள்ளுப்பிட்டித் தூதரக யன்னலுக்கு முன்னால் நிற்கப்போகிற வன்னிப் பிள்ளைக்கும் கதவு இறுகும். எனக்கு இங்கே பழக்க ஒரு கைப்பந்து அணி இருக்கிறது, நான் வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: புரட்டாதி, ஐப்பசியிலேயே தொடங்குங்கள், தைக்குப் பிறகு நல்ல முகாம்களில் இடம் குறைந்துவிடும். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள் அதை எடுக்கவே ஒரு மாதம் ஒதுக்குங்கள். பாஸ்போட்டுக்குக் கொழும்பு போகத் தேவையில்லை, வவுனியாவில் எடுக்கலாம். விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அனுப்புவதற்கு முன் பிரதி கேளுங்கள், தர மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். பெட்டியில் நீளக் காலுறை, மழைக்கோட்டு, வறுத்த மிளகாய்த்தூள் வையுங்கள். கொக்கான் கல் கொண்டுபோக வேண்டாம், அங்கே ஏரிக்கரையில் நல்ல கல் இருக்கிறது.