ஏற்காடு ஏரியா, பண்ணவாடிக் கரையா?

சேலத்திலிருந்து தனியாக ஒரு நாள் கிளம்ப நினைப்பவர்கள் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்.

பயணம்: ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள், நேரடி பஸ் உண்டு. மேட்டூர் அணை நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கும் பண்ணவாடிக்கு மேட்டூர், கொளத்தூர் வழியாகப் போக வேண்டும். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் விட்டு இரண்டு மணி நேரம் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

செலவு: ஏற்காட்டில் படகுச் சவாரி, காபி, மிளகு, பழம் என்று பை இளைத்துவிடும். பண்ணவாடியில் செலவழிக்கவே வழியில்லை.

படகு: ஏற்காட்டில் ஏரியைச் சுற்றிவிட்டு ஏறிய இடத்திலேயே இறங்குவீர்கள். பண்ணவாடியில் படகு ஊர்க்காரர்களின் போக்குவரத்து. இக்கரை சேலம் மாவட்டம், அக்கரை நாகமரை தருமபுரி மாவட்டம். மோட்டார் சைக்கிளும் உங்களோடு ஏறும்.

காட்சி: மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் பண்ணவாடியில் இருக்கிறது. முழு நீர்மட்டம் 120 அடி. அது வெகுவாக இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வரும். நான் பார்த்த அன்று நந்தியின் முதுகில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. திமிலில் ஒரு கொக்கு.

வெயில்: ஏற்காடு குளிர்ச்சி. பண்ணவாடியில் குடை வேண்டும்.

முதன்முறை தனியே போகிறவருக்கும் கோடைக்குத் தப்புகிறவருக்கும் ஏற்காடு. கூட்டம் பிடிக்காதவருக்குப் பண்ணவாடி; அணை நிரம்பியிருந்தால் நந்தியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.