ட்ரம்ப் கார்டா, இங்கிலாந்துக் கட்டா, தீப்பெட்டிப் படமா?

பழைய சிறுவர் சீட்டுகளைச் சேர்க்க ஆசைப்படும் மதுரைக்காரர்கள் பலரும் முதலில் கைவைப்பது இணையத்தில் விற்கும் இங்கிலாந்துக் கட்டுகளில்தான். பார்க்க அழகு, வயதும் அதிகம், சேகரிப்பாளர்களிடையே பெயரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு, மாதச் செலவு போக மிஞ்சுவதை வைத்துச் சேர்ப்பவருக்கு 1990களின் ட்ரம்ப் கார்டுகளே (படத்தோடு எண் விவரமும் அச்சிட்டு, எண்ணை ஒப்பிட்டு ஆடும் சீட்டுகள்) முதல் தேர்வு. அடுத்தது தீப்பெட்டிப் படம். இங்கிலாந்துக் கட்டு கடைசிதான்.

கடைசியில் வைத்ததற்காக அதைக் குறைத்துப் பேசவில்லை. நான் சொல்லும் இங்கிலாந்துக் கட்டு ‘ஹேப்பி ஃபேமிலீஸ்’. அந்த விளையாட்டு 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின்போது வந்தது. வெளியிட்ட ஜேக்ஸ் நிறுவனம்தான் சதுரங்கப் போட்டிகளில் இன்றும் பயன்படும் ஸ்டான்டன் காய்களை 1849-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரொட்டிக்காரர், கசாப்புக்காரர் என்று தொழிலுக்கு ஒரு குடும்பம். அப்பா, அம்மா, மகன், மகள் என்று குடும்பத்துக்கு நான்கு சீட்டு. எதிராளியிடம் கேட்டு வாங்கி நால்வரையும் ஒன்றுசேர்க்க வேண்டும். வாங்குகிறவருக்கு இதில் ஒரு வசதி: எண்ணிக்கை நான்கால் வகுபடவில்லை என்றால் சீட்டு குறைகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

சிக்கல் வயதைக் கண்டுபிடிப்பதில். பல நிறுவனங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதை அச்சிட்டு வந்திருக்கின்றன. பெரும்பாலான கட்டுகளில் ஆண்டு இருக்காது. பெட்டியில் ஷில்லிங் விலை இருந்தால் 1971 பிப்ரவரிக்கு முந்தையது என்று சொல்லலாம், ஏனென்றால் அந்த மாதம்தான் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது. பெட்டி இல்லாவிட்டால் தாளின் தடிமன், மையின் பூச்சு, மூலையின் வெட்டு ஆகியவற்றைக் கையில் வைத்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். புகைப்படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. தபால் செலவும் சுங்கமும் வேறு. கொடைக்கானலில் பழைய பங்களா ஒன்றைக் காலி செய்கிற குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் மட்டும் கதை வேறு.

இப்போது ட்ரம்ப் கார்டு. இதன் மூலமும் வெளிநாடுதான். 1970களின் பிற்பகுதியில் டுப்ரெக் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ‘டாப் ட்ரம்ப்ஸ்’ என்று வெளியிட்டது. நம் ஊர்ப் பையன்கள் ஆடியது இந்தியாவில் அச்சான கட்டுகளை: கிரிக்கெட் வீரர்கள், மல்யுத்த வீரர்கள், விமானங்கள், கார்கள். அச்சிட்டவர் யார் என்ற விவரமே இல்லாத கட்டுகளும் உண்டு. ஆனால் வயதைச் சொல்ல அவர் தேவையில்லை. சீட்டில் உள்ள எண்களே போதும்.

டெண்டுல்கர் சீட்டை எடுங்கள். ஒருநாள் போட்டிகளில் அவருடைய அதிகபட்சம் நூறுக்குக் கீழே இருந்தால் அந்த விவரம் 1994 செப்டம்பருக்கு முந்தையது; முதல் சதம் அப்போதுதான் வந்தது. 137 என்றால் 1996 உலகக் கோப்பைக்குப் பிந்தையது. 143 என்றால் 1998 ஏப்ரலில் ஷார்ஜாவில் ஆடிய ஆட்டம். 186 என்றால் 1999 நவம்பர். அந்த எண் 2010 பிப்ரவரியில் குவாலியரில் 200 அடிக்கும் வரை மாறவில்லை. டெஸ்ட் விவரம் தரும் கட்டு என்றால் லாராவைப் பாருங்கள்: 375 என்பது 1994 ஏப்ரல் முதல் 2004 ஏப்ரலில் 400 எடுக்கும் வரை. கும்ப்ளேயின் சிறந்த பந்துவீச்சு 74-க்கு 10 என்றிருந்தால் 1999 பிப்ரவரி தாண்டிவிட்டது. நான்கைந்து வீரர்களை இப்படி வரிசையாக வைத்துப் பார்த்தால் ஜாதகம் கணிப்பதுபோல் கட்டின் பிறந்த நேரம் கிட்டத்தட்ட வந்துவிடும். ஓர் எச்சரிக்கை: எண் சொல்வது ‘இதற்கு முன் அச்சாகியிருக்க முடியாது’ என்பதை மட்டுமே. சோம்பேறி அச்சகம் பழைய விவரத்தையே பல ஆண்டுகள் ஓட்டியிருக்கலாம்.

மல்யுத்தக் கட்டில் இந்த நுட்பம் குறைவு. மல்யுத்தப் போட்டிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனத்தின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயர் 2002 மே மாதம் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனது, இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றுக்கும் அதே எழுத்துகள் இருந்ததால் வழக்கு நடந்து மாறியது. அதைத் தவிர வேறு பெரிய அடையாளம் இல்லை. ஆனால் வேறொரு பலன் இருக்கிறது. சீட்டில் உள்ள ‘ரேங்க்’, அதாவது வீரரின் தரவரிசை எண், 1, 2, 3 என்று தொடர்ந்து வருவதால் எந்தச் சீட்டு காணவில்லை என்பது உடனே தெரியும். கிரிக்கெட் கட்டில் மொத்தம் எத்தனை என்பதே பெட்டி இல்லாமல் தெரியாது. காணாமல் போன சீட்டை வேறு கட்டிலிருந்து எடுத்து நிரப்பவும் முடியாது. பின்பக்க அச்சு பொருந்தாது.

கிடைக்கும் இடம் பற்றிக் கேட்பார்கள். புதுமண்டபத்துப் பொம்மைக் கடைகளை நினைத்துப் போகிறவர்கள், அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டதை அறியவும்; எப்படியும் அங்கே எதிர்பார்க்க வேண்டியது புதுச் சரக்கைத்தான். பழைய பேப்பர் கடையும் உறவினர் வீட்டுப் பரணும்தான் நமக்குச் சுரங்கம். கடையில் “அண்ணாச்சி, பழைய சீட்டு இருக்கிறதா?” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், காசு வைத்து ரம்மி ஆடுகிற ஆள் என்று நினைத்து ஏற இறங்கப் பார்ப்பார். சின்னப் பிள்ளைகள் விளையாடும் கிரிக்கெட் அட்டை என்றால் மூட்டையைக் காட்டுவார்.

தீப்பெட்டிப் படத்துக்கு மதுரையைவிட வசதியான ஊர் குறைவு. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. வட்டம் கிழித்து, படங்களை நடுவில் அடுக்கி, தூர நின்று கல்லெறிந்து வெளியே தள்ளியவனுக்குச் சொந்தம் என்பதுதான் ஆட்டம். வயது காண இதிலும் வழி உண்டு. விலை அச்சிட்டிருந்தால், அணா என்பது 1957 ஏப்ரலுக்கு முந்தைய கணக்கு. நயா பைசா 1957 முதல் 1964 வரை. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972-க்குப் பிந்தையது. சிவகாசியை இராமநாதபுரம் மாவட்டம் என்று போட்டிருந்தால் 1985-க்கு முந்தையது. காமராஜர் மாவட்டம் என்றால் 1985 முதல் 1997-க்குள். மரச்சில்லுப் பெட்டியில் ஒட்டிய லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாம். அட்டைப் பெட்டியில் நேரடியாக அச்சிட்டதை வெட்டத்தான் வேண்டும்.

மலிவு, அருகில் கிடைக்கிறது, வரலாறும் கனமானது. பிறகு ஏன் இரண்டாம் இடம்? முடிவே இல்லை என்பதுதான். கட்டு என்ற எல்லை கிடையாது. ஆயிரம் சேர்த்தாலும் முழுமை என்று ஒன்று இல்லை. எனக்கு அது அலுக்கும். சிலருக்கு அதுதான் சுகம்.

ஊனோ சீட்டாட்டம் 1971-இல் வந்தது. இன்றும் புதிதாகவே கடையில் கிடைக்கிறது. போகிமான் சீட்டில் போலிகள் மலிந்துவிட்டன. இரண்டையும் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை மூன்றுக்கும் எதிரி நம் வெயிலும் தாளைத் தின்னும் இராமபாணப் பூச்சியும். பசை ஒட்டிய மெல்லிய லேபிள் முதலில் பலியாகும். ட்ரம்ப் கார்டின் பளபளப்புப் பூச்சு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ரப்பர் பேண்ட் போடாதீர்கள்; கோடையில் உருகிச் சீட்டின் ஓரத்திலேயே படிந்துவிடும். லேமினேஷன் செய்தால் அது பழஞ்சீட்டாக மதிப்பிழந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மல்யுத்தமும் கிரிக்கெட்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் நான் கிரிக்கெட்டையே எடுப்பேன். அதில் சில சீட்டுகள் குறைந்தாலும் மீதிச் சீட்டுகள் ஆண்டைச் சொல்லிவிடும். மல்யுத்தக் கட்டில் ரேங்க் 1 இல்லை என்றால் பாதி விலைக்கும் வேண்டாம்.