ஃபியர்லெஸ்: பழைய பதிவா, புதுப் பதிவா?

ஸ்ட்ரீமிங் ஆப்பில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் ‘லவ் ஸ்டோரி’ என்று தேடினால் ஒரே பாட்டு இரண்டு முறை வந்து நிற்கும். ஒன்று 2008 நவம்பரில் வெளிவந்த ‘ஃபியர்லெஸ்’ ஆல்பத்தில் உள்ளது. மற்றது 2021 ஏப்ரல் 9 அன்று வந்த மறுபதிவு. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘டெய்லர்ஸ் வெர்ஷன்’ என்று இருக்கும். நாலு வருஷம் எதைக் கேட்கிறோம் என்பதே கட்சி கட்டுகிற விஷயமாக இருந்தது. 2025 மே மாதம், அதுவரை பிறர் கையில் இருந்த பழைய மாஸ்டர்களையும் (மூல ஒலிப்பதிவுகளையும்) ஸ்விஃப்ட்டே விலை கொடுத்து வாங்கிவிட்டார். இனி காதுக்கு எது பிடிக்கிறதோ அதுதான் கணக்கு.

சண்டை எதற்கு என்று தெரிந்தால்தான் புதுப் பதிவு ஏன் இப்படி ஒலிக்கிறது என்பது புரியும். ஒரு பாட்டில் இரண்டு சொத்து உண்டு. வரியும் மெட்டும் ஒன்று. ஸ்டூடியோவில் பதிவான மாஸ்டர் இன்னொன்று. புதுமுகத்தோடு ஒப்பந்தம் போடும் கம்பெனி ஸ்டூடியோ செலவை ஏற்றுக்கொண்டு மாஸ்டரைத் தன் பெயரில் வைத்துக்கொள்வது, கன்ட்ரி எனும் அமெரிக்கக் கிராமியச் சாயல் இசையின் மையமான நாஷ்வில்லில் வழக்கம். பதினைந்து வயதில் பிக் மெஷின் கம்பெனியில் சேர்ந்த ஸ்விஃப்ட்டின் முதல் ஆறு ஆல்பமும் அப்படித்தான் போயின. 2019-இல் கம்பெனியே கைமாறியது. 2020-இல் மாஸ்டர்கள் மறுபடி கைமாறின. ஆனால் பாட்டை எழுதியவர் அவர். முதல் ஐந்து ஆல்பத்தையும் 2020 நவம்பரிலிருந்து மறுபடி பதிவுசெய்ய ஒப்பந்தமே இடம் கொடுத்தது. சினிமாவுக்கோ விளம்பரத்துக்கோ ஒரு பதிவை எடுத்தாள எழுதியவர், மாஸ்டர்காரர் இருவர் சம்மதமும் வேண்டும். பழையதற்குத் தலையாட்டாமல் புதியதை நீட்டினால் போதும். ஆக, பழசுக்குப் பதிலாகப் பொருந்த வேண்டும் என்பதே புதுப் பதிவின் வேலை. அழகுபடுத்தவோ மாற்றிப் பார்க்கவோ அங்கே இடம் குறைவு.

பொருத்தம் அபாரம். சுருதி, வேகம், பேஞ்சோ (கன்ட்ரிப் பாட்டில் வரும் தந்தி வாத்தியம்) நுழையும் இடம் எல்லாம் அப்படியே. ‘ஹே ஸ்டீஃபன்’ பாட்டில் நடுவே வரும் சின்னச் சிரிப்பைக்கூட விடவில்லை. ‘லவ் ஸ்டோரி’ டி மேஜரில் ஓடி, கடைசி கோரஸில் ஒரு முழு ஸ்வரம் ஏறி ஈ மேஜருக்குப் போகும்; இங்கேயும் அதே ஏற்றம். (கிடார் பழகுபவர்களுக்கு: இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு சி, ஜி, ஏ மைனர், எஃப் வடிவங்களில் கோரஸை வாசியுங்கள். ஏற்றம் வரும்போது கேப்போவைத் தொடாமல் டி, ஏ, பி மைனர், ஜி வடிவங்களுக்குத் தாவுங்கள். பலரும் இந்த இடத்தில்தான் தடுமாறிக் கேப்போவை நகர்த்தப் பார்ப்பார்கள்.) இரண்டையும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் அடியில் இருக்கிறது. பழையதில் எல்லா வாத்தியமும் நெருக்கியடித்துக்கொண்டு வரும். புதியதில் பேஸும் ட்ரம்ஸும் தனித்தனியாகக் காதில் விழும். மேடையில் வருஷக்கணக்காகக் கூட வாசித்தவர்களே பலரும் இதில் வாசித்திருக்கிறார்கள்.

குரல்தான் சிக்கல். முப்பதைத் தாண்டியவர், பதினெட்டு வயதில் பாடியதைப் பாடுகிறார். மூச்சு நிற்கிறது, உச்சத்தில் மூக்கொலி இல்லை. ‘ஒயிட் ஹார்ஸ்’ போன்ற நிதானமான பாட்டுக்கு இது லாபம். ‘ஃபாரெவர் அண்ட் ஆல்வேஸ்’ கோபத்தில் கத்த வேண்டிய பாட்டு; பழையதில் இருந்த அந்தப் பிசிறு இல்லாமல் புதியது ஒழுங்காகப் பாடி முடிந்துவிடுகிறது. ‘ஃபிஃப்டீன்’ பாட்டில் மட்டும் இதுவே வேறு மாதிரி வேலை செய்கிறது: பதினைந்து வயதைத் திரும்பிப் பார்க்கும் வரிகளுக்கு வயது ஏறிய குரல் பொருந்திப்போகிறது.

மொத்தம் 26 பாட்டு. முதல் 13 பழைய வரிசையிலேயே. அடுத்து 2009 பிளாட்டினம் பதிப்பில் சேர்ந்த 6, பிறகு 2010-இல் ஒரு படத்துக்காக வந்த ‘டுடே வாஸ் எ ஃபேரிடேல்’. கடைசி 6, அன்று எழுதி வெளியிடாமல் வைத்திருந்தவை. தையல் தெரிவது இந்த ஆறில்தான். முதல் இருபதை ஸ்விஃப்ட்டும் கிறிஸ்டோஃபர் ரோவும் பழைய அச்சில் வார்த்திருக்க, இவற்றை இசைத் தயாரிப்பாளர்கள் ஜாக் ஆன்டனாஃபும் ஆரன் டெஸ்னரும் ஸ்விஃப்ட்டோடு சேர்ந்து 2020-களின் பாப் காதோடு செய்திருக்கிறார்கள். ‘யூ ஆல் ஓவர் மீ’ பாட்டின் ஹார்மோனிகாவும் ‘மிஸ்டர் பெர்ஃபெக்ட்லி ஃபைன்’ பாட்டின் துள்ளலும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் 2008-இல் வந்திருந்தால் இவை இப்படி ஒலித்திருக்காது. ‘டோன்ட் யூ’ நேராக சிந்தசைசருக்கே போய்விடுகிறது.

அந்த நாள் கன்ட்ரி பாப் வித்தையில் ஒன்று இந்தத் தொகுப்பில் இல்லை. ‘லவ் ஸ்டோரி’யை அப்போது இரண்டு மிக்ஸாக அனுப்பினார்கள்: கன்ட்ரி ரேடியோவுக்குப் பேஞ்சோவும் ஃபிடிலும் உள்ளது; பாப் ரேடியோவுக்கு அவற்றை அடக்கி எலெக்ட்ரிக் கிடாரை ஏற்றியது. ஒரு கன்ட்ரிப் பெண் ஊரை விட்டு வெளியே வந்த வழி அதுதான். மறுபதிவு எடுத்துக்கொண்டது கன்ட்ரி வடிவத்தை. பாப் மிக்ஸ் வேண்டுமென்றால் பழைய பதிவுகளில்தான் தேட வேண்டும்.

வாங்குபவர்களுக்கு: வினைல் மூன்று தட்டு, ஆறு பக்கம், நாலைந்து பாட்டுக்கு ஒருமுறை எழுந்து திருப்ப வேண்டும். சமைத்துக்கொண்டே கேட்பவருக்கு சி.டி. நல்லது, அது இரண்டுதான். பழைய ஆல்பத்தை வைத்திருப்பவர் முதல் 13-க்காகப் புதியதை வாங்க வேண்டியதில்லை. கடைசி ஆறை ஸ்ட்ரீமிங்கில் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். புதிதாகத் தொடங்குபவர் மறுபதிவையே எடுக்கலாம், ‘ஃபாரெவர் அண்ட் ஆல்வேஸ்’ பாட்டை மட்டும் பழையதிலிருந்து பிளேலிஸ்ட்டில் சேர்த்துக்கொண்டு.