முல்லைக்குத் தேரா, ஔவைக்கு நெல்லியா?

'பெருங்கொடை' என்று பேச்சுப் போட்டித் தலைப்பு வந்தால், பாரியா அதியமானா என்று பிள்ளைகள் குழம்புவார்கள்.

விலை: பாரி கொடுத்தது தேர். அதியமான் கொடுத்தது ஒரே ஒரு நெல்லிக்கனி; ஆனால் ஆயுளை நீட்டிப்பது, பெருமலைப் பிளவில் அரும்பாடுபட்டுப் பறித்தது.

இழப்பு: தேர் இன்னொன்று செய்யலாம். ஆயுளுக்கு எங்கே போவது? கனியின் பலனைச் சொல்லாமலே கொடுத்துவிட்டான் தகடூர்க்காரன். சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருப்பாரா? எனக்கு இதுதான் ஒருபடி மேல்.

பயன்: முல்லைக்கு ஒரு கொம்பு நட்டாலே போதும். சரி, பறம்பு நாட்டின் 300 ஊர்களையும் இரவலர்க்குக் கொடுத்தவனிடம் இந்தக் கணக்கு எடுபடாது.

பிற உயிர்மேல் இரக்கம் பற்றிப் பேச பாரி. சின்ன வகுப்புக்கும் எளிது. சத்தமில்லாத தியாகம் என்றால் அதியமான்.