ஏற்காட்டில் ஓசிப் பொங்கல், மூன்றரை மணி நேரம்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் அருமை. நெய் கையில் ஒட்டுகிற பொங்கல், மிளகு முழுசு முழுசாகக் கிடந்தது. காபியும் சிக்கரியைக் கொட்டிக் கெடுக்காத காபி. வெளியே சாப்பிட்டிருந்தால் இரண்டு பேருக்கு 300 ரூபாய் ஆகியிருக்கும். நாங்கள் அதற்கு மூன்றரை மணி நேரம் கொடுத்தோம், இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் 3,85,000 ரூபாயும் கொடுத்திருப்போம்.

விடுமுறை மெம்பர்ஷிப் (மொத்தமாகப் பணம் கட்டிச் சேர்ந்தால் வருஷா வருஷம் அவர்கள் ரிசார்ட்டுகளில் தங்கலாம் என்கிற திட்டம்) விற்கிற நிறுவனம் அது. பெயரைப் போடவில்லை. பெயர் ஊருக்கு ஊர் வேறாக இருக்கும், நடத்துகிற விதம் ஒன்றுதான். பொருட்காட்சியில் ஒரு பெண் சீட்டு நீட்டினாள், பெயர், போன் நம்பர், கல்யாணம் ஆகிவிட்டதா, கார் இருக்கிறதா, மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டிருந்தது, நானும் பஜ்ஜி எண்ணெய் பட்ட கையோடு நிரப்பிப் பெட்டியில் போட்டேன். மூன்றாம் நாள் போன். உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, மூன்று பகல் இரண்டு இரவு தங்கும் வவுச்சர், ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், காலை டிபன் எங்களுடையது. நிபந்தனை மூன்று. கணவன் மனைவி இருவரும் வர வேண்டும், ஒன்றரை மணி நேரம் இருக்க வேண்டும், ஆதாரும் கிரெடிட் கார்டும் கொண்டுவர வேண்டும்.

"பரிசு வாங்கப் போறதுக்கு கார்டு எதுக்குங்க?" என்று என் மனைவி கேட்டாள். அடையாளத்துக்காம். ஆதார் இருக்கும்போது இன்னொரு அடையாளமா என்று அப்போதே நான் கேட்டிருக்கணும். கேட்கவில்லை. அவள் என் பர்ஸிலிருந்து கார்டை உருவி அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, "அங்க என்ன சொன்னாலும் இன்னைக்குக் கையெழுத்து கிடையாது, பணமும் கிடையாது. ராத்திரி தூங்கி எந்திரிச்சு காலையில பேசிக்கலாம்" என்றாள். நான் சிரித்தேன். செவ்வாய்ப்பேட்டையில் இருபது வருஷமாக வெள்ளிக் கொலுசு விற்கிறவன், டச்சு (வெள்ளியின் சுத்தம்), செய்கூலி என்று பேசியே ஆளைக் கவிழ்க்கத் தெரிந்தவன், என்னிடமா ஒரு பொடியன் விற்றுவிடுவான்?

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். ஹாலில் ஜன்னல் எல்லாம் திரை போட்டு மூடியிருந்தது. ஏற்காட்டில், ஞாயிற்றுக்கிழமை காலையில், வெளியே பனி இறங்கிக்கொண்டிருக்கும்போது திரை. பாட்டுச் சத்தம் வேறு, கல்யாண மண்டபம் தோற்றது. மேஜைக்கு ஒரு ஜோடி, ஜோடிக்கு ஒரு ஆள்.

எங்களுக்கு வாய்த்தவன் ஆத்தூர்ப் பையன். முதல் ஐந்து நிமிஷம் சார், மேடம். சேலம் என்று தெரிந்ததும் அண்ணா, அண்ணி. ஒருவன் அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் அப்புறம் அவனிடம் முகத்தில் அடித்த மாதிரி எதுவும் சொல்ல வராது, நம் ஊர் வளர்ப்பு அப்படி. நானும் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தேன், அங்கேயே பாதி போச்சு. கடைசியாக எங்கே டூர் போனீர்கள், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், பாப்பாவுக்கு எந்த ஊர் பார்க்க ஆசை என்றெல்லாம் கேட்டான். சிம்லா, பனி பார்க்கணும் என்பாள் என்று சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து அதே சிம்லா என் பக்கம் திரும்பி வந்தது. "பாப்பா பனி பார்க்கணும்னு சொன்னதா நீங்கதானே அண்ணா சொன்னீங்க?" கட்டுவதற்குக் கயிறு எடுத்துக் கொடுத்தவன் நான்.

இந்த இடத்தில் என் தொழில் ரகசியம் ஒன்றையும் சொல்கிறேன். கடைக்கு வந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிடு, டீ குடித்தவர் வெறுங்கையோடு எழுந்திருக்கக் கூச்சப்படுவார் என்று எங்கள் அப்பா சொல்வார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்து வளர்ந்தவர்களிடம் இது நன்றாக வேலை செய்யும். சரி, நமக்கு மட்டும்தானா என்றால் இல்லை. கோயம்புத்தூரில் சைக்காலஜி படிக்கும் மகள், விஷயத்தைக் கேட்டுவிட்டு போனிலேயே பாடம் நடத்தினாள். டென்னிஸ் ரீகன் என்பவர் 1971-ல் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டிருக்கிறார். கூட இருக்கிற ஆள், கேட்காமலேயே ஒரு கோக் வாங்கி வந்து கொடுப்பான், கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் லாட்டரிச் சீட்டு இருக்கிறது வாங்கிக்கொள் என்பான். கோக் வாங்கிக் குடித்தவர்கள் மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். அவனைப் பிடிக்காதவர்கள்கூட கோக் குடித்திருந்தால் வாங்கினார்கள் என்பதுதான் இதில் விசேஷம். கோக் 10 சென்ட், சீட்டு ஒவ்வொன்றும் 25 சென்ட். பொங்கல் கணக்கும் அதேதான், ரூபாயில்.

அடுத்தது பேப்பர் கணக்கு. வருஷத்துக்கு டூருக்கு எவ்வளவு செலவு செய்வீர்கள் என்றான். பக்கத்து மேஜை அம்மா 80,000 என்று சொன்னது காதில் விழுந்ததால் நான் 60,000 என்றேன் (உண்மையில் நாங்கள் போவது பழனியும் குற்றாலமும்தான், 15,000 தாண்டாது). அதை வருஷம் 8 சதவீதம் ஏற்றி, 25 வருஷத்துக்குக் கூட்டி, பெரிய எழுத்தில் 44 லட்சம் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டான். கணக்கு சரிதான், அன்று ராத்திரி நானும் போட்டுப் பார்த்தேன். தப்பு அந்த 60,000-ல் இருக்கிறது, அதைச் சொன்னது நான். அந்த 44 லட்சத்துக்குக் கீழே மெம்பர்ஷிப் விலை 6,50,000 என்று எழுதினான் பாருங்கள், எனக்கு அது ஏதோ பஸ் டிக்கெட் மாதிரி தெரிந்தது. ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இருவர் 1974-ல் எழுதிய கட்டுரையில் இதற்கும் ஒரு சோதனை இருக்கிறதாம். 10-லோ 65-லோ மட்டும் நிற்கிற மாதிரி செய்து வைத்த ஒரு சக்கரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டிருக்கிறார்கள். 10 பார்த்தவர்கள் சுமார் 25 என்றார்கள், 65 பார்த்தவர்கள் சுமார் 45 என்றார்கள். சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கும் 44 லட்சத்துக்கும் இருந்த சம்பந்தம்தான்.

அப்புறம் கோட்டுப் போட்ட மேனேஜர் வந்தார். 6,50,000 அதிகம்தான் சார், ஒத்துக்கொள்கிறேன் என்று அவரே சொல்லிவிட்டு 4,75,000 ஆக்கினார், உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து 3,85,000 ஆக்கினார். இன்றைக்கு மட்டும். இப்படி இறங்கி வருகிறவரைப் பார்த்தால் நமக்கும் கொஞ்சம் இறங்க வேண்டும் போலத் தோன்றும். நானே தினமும் செய்கிற வேலை இது, செய்கூலியில் முதலில் ஏற்றிச் சொல்லி அப்புறம் குறைப்பேன், தெரிந்தும் எனக்கு மனசு இளகியது. 1975-ல் சியால்டினி என்ற உளவியல் ஆராய்ச்சியாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் கல்லூரி மாணவர்களிடம், சீர்திருத்தப் பள்ளிப் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார்கள். 17 சதவீதம் பேர்தான் சரி என்றார்கள். வேறு சிலரிடம், இரண்டு வருஷத்துக்கு வாரம் இரண்டு மணி நேரம் வேலை செய்ய முடியுமா என்று பெரிதாகக் கேட்டு, முடியாது என்றதும், சரி மிருகக்காட்சி சாலைக்காவது வருவீர்களா என்றார்கள். 50 சதவீதம்.

நடு நடுவே மணி அடிப்பார்கள், எல்லோரும் கை தட்டுவார்கள், யாரோ ஒரு குடும்பம் சேர்ந்துவிட்டதாம். அந்த ஜோடியை டிபன் வரிசையில் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

இரண்டரை மணி நேரம் ஆனபோது நான் சோர்ந்துவிட்டேன். பையன் சிரித்துக்கொண்டே, "வீட்ல முடிவு எடுக்கிறது நீங்கதானே அண்ணா?" என்றான். இன்னொரு பெண் வந்து, அக்கா வாங்க, மாடல் ரூம் காட்டுகிறேன் என்று என் மனைவியை மட்டும் எழுப்பப் பார்த்தாள். "அவர் வந்தா வர்றேன்" என்று இவள் நகரவில்லை. டோக்கனாக 10,000 மட்டும் போட்டு விலையைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார் மேனேஜர். அந்த நிமிஷம் எனக்கு மெம்பர்ஷிப்பும் வேண்டாம், சிம்லாவும் வேண்டாம், அந்த நாற்காலியை விட்டு மரியாதையோடு எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 10,000 அதற்கான கட்டணம் மாதிரி இருந்தது. கை தானாக பர்ஸுக்குப் போனது. கார்டு இருக்கிற இடம் காலி. "பரவாயில்லண்ணா, கூகுள் பே பண்ணிடுங்க" என்றான் தம்பி.

இந்த ரிவ்யூவை எழுத உட்கார்ந்ததே அடுத்து நடந்ததற்காகத்தான். அதுவரை நான் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது பணம் இல்லை என்றேன், இ.எம்.ஐ. இருக்கிறது என்றான். கடையை விட்டு நகர முடியாது என்றேன், தம்பி குடும்பத்தை அனுப்புங்கள் என்றான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன், அம்மாவுக்குக் கொடைக்கானல் காற்று நல்லது என்றான். நான் நீட்டுகிற ஒவ்வொரு காரணத்துக்கும் அவன் சட்டைப்பையில் ஒரு பதில் இருந்தது, பதில் வந்துவிட்டால் என் பக்கம் நியாயம் தீர்ந்துபோன மாதிரி எனக்கே படும். என் மனைவி ஒரு காரணமும் சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்றோம் தம்பி" என்றாள். நாளைக்கு இந்த விலை இருக்காது அண்ணி. "சரி, அப்ப வேண்டாம். இருந்தா நாளைக்குச் சொல்றோம்." மேனேஜர் சலுகை சொன்னார், அதற்கும் நாளைக்குச் சொல்றோம். என்ன சந்தேகம் மேடம், சொன்னால் தீர்த்து வைக்கிறோம். "சந்தேகம் ஒண்ணும் இல்லீங்க, நாளைக்குச் சொல்றோம்." ஏழெட்டு முறை இருக்கும், குரல் ஏறவே இல்லை, கோபமும் இல்லை, ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்கிற ஆளின் குரல். காலையில் வீட்டில் எடுத்த முடிவை அங்கே ஒப்பித்துக்கொண்டிருந்தாள், புதிதாக எதையும் யோசிக்கவில்லை. அந்த ஹாலுக்குள் யோசித்தவன் நான்தான், மாட்டப் போனவனும் நான்தான்.

தாட்சண்யம் தன நாசம் என்று எங்கள் பாட்டி சொல்லும். வியாபாரிக்குத் தெரியாத பழமொழியா? கல்லாவுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மறந்துபோகிறது.

ஒப்பந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று கேட்டோம். தர மாட்டார்களாம். அங்கேயே நின்று புரட்டியதில் பார்த்தது: கட்டிய பணம் திரும்பாது, வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் தனி (இதை மூன்றரை மணி நேரத்தில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை), அறை காலியாக இருந்தால்தான் கிடைக்கும். இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்தால்கூட, பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க இப்போது 30 நாள் அவகாசம் உண்டு. இந்தத் தாளில் நான் பார்த்த வரை ஒரு நாள்கூட இல்லை. இணையத்தில் விற்கிறவர்களுக்கு மத்திய அரசு 2023 நவம்பரில் ஒரு வழிகாட்டுதல் போட்டு 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்திருக்கிறது, பொய்யாக அவசரப்படுத்துவதும், வேண்டாம் என்கிறவரை வெட்கப்படுத்துவதும் அதில் உண்டு. இரண்டையும் அந்த ஹாலில் வாயாலேயே செய்தார்கள். ஏற்கெனவே பணம் கட்டி முழிக்கிறவர்கள் 1915-க்கு போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. சேலத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

பரிசு வவுச்சரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அதுவரை சிரித்த முகம் எல்லாம் வேறு மேஜைக்குப் போய்விட்டது. திங்கள் முதல் வியாழன் வரை மட்டும் செல்லும், விடுமுறை நாளில் செல்லாது, 45 நாள் முன்னால் சொல்ல வேண்டும், சாப்பாடும் ஜி.எஸ்.டி.யும் நம் செலவு. அதில் போட்டிருக்கும் நம்பரை இதுவரை நான்கு முறை அழைத்திருக்கிறேன், யாரும் எடுக்கவில்லை.

மதிப்பெண் கேட்டால், பொங்கலுக்கு ஐந்துக்கு நாலு. காபிக்கு நாலரை. பையனுக்கு மூன்று, வேலையைச் சுத்தமாகத்தான் செய்தான், அவனுக்கு மேலே ஒரு டார்கெட் நிற்கிறது என்பதும் தெரிந்தது. நிறுவனத்துக்குப் பூஜ்யம். என் மனைவிக்கு இந்தப் பக்கத்தில் நட்சத்திரம் போட வழி இல்லை.

கீழே இறங்கி சேலத்தில் தட்டுவடை செட்டு சாப்பிட்டோம். "பூண்டு போடலாமாண்ணே?" என்பதைத் தவிர அந்தக் கடைக்காரர் எங்களைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை.

மறுநாள் கடைக்கு ஓமலூரிலிருந்து ஒரு அம்மா பேத்திக்குக் கொலுசு பார்க்க வந்தார். பழக்கதோஷத்தில் டீ சொல்லிவிட்டேன். "இந்த டிசைன் நாளைக்கு இருக்காதும்மா" என்று வாய் ஆரம்பித்தது, பாதியில் நிறுத்தி, "இருக்கும், மெதுவா வாங்க" என்றேன். அவர் டீயை நிதானமாகக் குடித்து முடித்து, "யோசிச்சுச் சொல்றேன் சாமி" என்று எழுந்து போனார். இன்னும் வரவில்லை.